செவிப்பறை ஓட்டைக்கு பி.ஆர்.பி.: சுற்றிய பிறகும் பிளேட்லெட் குறைவது ஏன்?

தியேட்டர்லேப்:
செவிப்பறையில் பழைய ஓட்டை, காது காய்ந்திருக்கிறது. மைரிங்கோபிளாஸ்டியில் (ஓட்டையை மூடும் அறுவை சிகிச்சை) கிராஃப்ட் (ஒட்டுத்திசு) மேல் பி.ஆர்.பி. (நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா) வைக்கத் திட்டம். 10 மி.லி. ரத்தம், உறையாமலிருக்க சோடியம் சிட்ரேட் குழாய், சென்ட்ரிஃபியூஜில் 3000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 3000 சுழற்சி), 10 நிமிடம், ஒரே சுற்று. மேலே தெளிந்த மஞ்சள் பிளாஸ்மா வருகிறது. எண்ணினால் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் நுண்தட்டுகள்) முழு ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. ரோட்டார் ஆரம் 10 செ.மீ. எங்கே தப்பு?

பஃபிகோட்:
வேகத்தில்தான். 10 செ.மீ. ஆரத்தில் 3000 ஆர்.பி.எம். என்றால் ஏறக்குறைய 1000 ஜி (புவியீர்ப்பைப் போல 1000 மடங்கு விசை). அந்த விசையில் பிளேட்லெட்டும் இறங்கி, வெள்ளணுக்களோடு பஃபி கோட்டில் (சிவப்பணுக்களுக்கு மேலே படியும் மெல்லிய வெளிர் அடுக்கு) படிந்துவிடும். தெளிவாக இருக்கிறதே என்று நீங்கள் எடுப்பது பிளேட்லெட் குறைந்த பிளாஸ்மா.

முதல் சுற்றை 1500 ஆர்.பி.எம்.முக்குக் குறையுங்கள் (சுமார் 250 ஜி), 10 நிமிடம். பிரேக் போடாமல் தானாக நிற்க விடுங்கள். போட்டால் அடுக்கு கலங்கும். பிளாஸ்மா முழுவதையும், பஃபி கோட்டின் மேல்விளிம்பையும் சேர்த்து உறிஞ்சி, மருந்து எதுவும் இல்லாத ஸ்டெரைல் குழாய்க்கு மாற்றுங்கள். உங்கள் 3000 ஆர்.பி.எம். சுற்று இப்போதுதான், இரண்டாவதாக, வரவேண்டும். அதன்பின் மேல் மூன்றில் இரண்டு பங்கை நீக்கி, அடியில் ஒட்டியதை மிச்ச பிளாஸ்மாவில் மெதுவாகக் கலக்குங்கள். குலுக்கினால் பிளேட்லெட் முன்கூட்டியே தூண்டப்பட்டுவிடும். 1.5 மி.லி. அளவில் கிடைக்கும். மைக்ரோலிட்டருக்கு 10 லட்சத்தை ஒட்டி வந்தால் நல்ல தயாரிப்பு.

இ.டி.டி.ஏ. குழாய் வேண்டவே வேண்டாம், பிளேட்லெட்டின் உருவமே கெடும்.

செவிமடல்:
ஜெல் ஆக 1 மி.லி.க்கு 0.1 மி.லி. 10% கால்சியம் குளோரைடு. வைக்கும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். பிளேட்லெட்டுக்குள் இருக்கும் வளர்ச்சிக் காரணிகளில் (திசு ஆற உதவும் புரதங்கள்) பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே வெளிவந்துவிடும். ஜெல்ஃபோமில் (உடலில் கரையும் ஜெலட்டின் பஞ்சு) ஊறவைத்து வைத்தால் நழுவாது.

ஓட்டையின் விளிம்பைச் செதுக்கிப் புதுப்பிக்காமல் எதை ஊற்றியும் பயனில்லை. பழைய ஓட்டையின் ஓரத்தில் தோல் வளர்ந்து மூடியிருக்கும். அது நீங்கினால்தான் திசு நகரும். அடிபட்டுக் கிழிந்த புதிய ஓட்டை வேறு: பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே மூடிக்கொள்ளும். அதை பி.ஆர்.பி.யின் வெற்றியாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

தியேட்டர்லேப்:
நன்றி. பி.ஆர்.எஃப். (பிளேட்லெட் செறிந்த ஃபைப்ரின்) எளிதா?

பஃபிகோட்:
வேலை குறைவு. சிட்ரேட்டும் கிடையாது, கால்சியமும் கிடையாது, 2700 ஆர்.பி.எம்., 12 நிமிடம், ஒரே சுற்று. ஆனால் ரத்தம் எடுத்த கையோடு இரண்டு நிமிடத்துக்குள் சுற்றத் தொடங்க வேண்டும். தாமதித்தால் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் புரத இழை) கண்டபடி உறைந்து, பிரியாத சிவப்புக் கட்டிதான் மிஞ்சும். சரியாக வந்தால் அழுத்திச் சவ்வாக்கி, ஓட்டையைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி வைக்கலாம்.

செவிமடல்:
எதுவானாலும், ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் சாப்பிடுகிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பிளேட்லெட் சரிவரச் செயல்படாது.