அண்ணனுக்குச் சிறுநீரகம்: கொடுக்காதவன் எழுதுகிறேன்

நடுப்பிள்ளை, மன்னார்குடி:

உடன்பிறந்தவருக்கு உறுப்பு கொடுத்தவர்கள் இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். கொடுக்காதவன் ஒருவனும் எழுதட்டும்.

நாங்கள் மூன்று பேர். அண்ணன், நான், தங்கை. அண்ணனுக்குப் பதினைந்து வருடச் சர்க்கரை. கால் வீங்கியபோது செருப்பு சுருங்கிவிட்டது என்று சொல்லிப் புதுச் செருப்பு வாங்கிய ஆள் அவர். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறி ஏறி 9 ஆன பிறகுதான் மருத்துவமனை வாசலை மிதித்தோம். அப்புறம் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். கொல்லையில் ஆறு தென்னை நின்றும் இளநீர் தொடக் கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், அதில் காபியும் ரசமும் அடக்கம். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடத்தைத் தொட்டால் தையல் மெஷின் ஓடுவதுபோல அதிரும். அண்ணன் மகன் தினமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புவான்.

மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்றார்கள். அம்மா தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவருக்கு வயது 74, கூடவே சர்க்கரை. ஆகவே நானும் தங்கையும் சோதனைக்குப் போனோம். இருவருக்கும் அண்ணனின் இரத்த வகைதான். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஆண்பிள்ளை, அண்ணன் பணத்தில் படித்தவன். நானும் 'நான் இருக்கிறேன்' என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தேன். இரவில் மட்டும் தூக்கம் வராது. விலாவுக்குக் கீழே கை வைத்துப் படுத்திருப்பேன்.

சோதனையில் எனக்கு இரத்த அழுத்தம் 160/100 என்று வந்தது. சிறுநீரில் புரதம் வேறு. "உங்களிடம் எடுக்க முடியாது. முதலில் நீங்கள் மாத்திரை சாப்பிட ஆரம்பியுங்கள்" என்றார் மருத்துவர். அந்த நொடியில் என் உடம்பெல்லாம் லேசானது. தேர்வு ரத்தானதாக அறிவிப்பு வந்தால் மாணவனுக்கு வருமே, அந்த லேசு. வெளியே வந்து அண்ணியிடம் அழுதேன். அழுகையும் பொய்யில்லை.

தங்கை கொடுத்தாள். அவள் மாமியார் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து, "இவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். நாளைக்கு இவளுக்கு ஒன்றென்றால் நீங்கள் யார் தருவீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனார். உறவுக்காரர்கள் இன்றும் அந்த அம்மாளைத் திட்டுகிறார்கள். அத்தனை நாளில் தங்கையைப் பற்றி மட்டும் யோசித்துக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது என்றே நான் நினைக்கிறேன். என்னிடம் பதில் இல்லை.

1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் உடன்பிறந்தவர் நெருங்கிய உறவினர். அதனால், நெருங்கிய உறவல்லாதவர் கொடுக்கும்போது விசாரிக்கும் அனுமதிக் குழு வரை போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், பழைய குடும்பப் புகைப்படம் என்று சகலமும் காட்டினோம். கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சம்மதத்தை நோயாளி அல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் வீடுகளைத் தெரிந்த யாரோதான் அதை எழுதியிருக்க வேண்டும். தங்கையைத் தனி அறையில் உட்காரவைத்து, காமிரா ஓட, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். என்ன சொன்னாள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

அவளுடைய இடது சிறுநீரகத்தை எடுத்து அண்ணனின் வலது அடிவயிற்றில் வைத்தார்கள். பழைய இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. இது பலருக்குத் தெரியாது. சிறுநீர் உடனே வந்துவிட்டது என்று செய்தி வந்ததும் கீழே வரவேற்பறையில் ஒரே கொண்டாட்டம். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் அண்ணனைத் தேடிப் போயின. அவருக்கு நோய் குறைந்து தெம்பு வந்துகொண்டிருந்தது. நோயே இல்லாமல் உள்ளே போன தங்கை மூன்றாவது மாடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமக்கூட முடியாமல் படுத்திருந்தாள். அவளிடம் நான் உட்கார்ந்தேன், ஐந்து நாட்கள். இருமல் வரும்போது வயிற்றில் தலையணையை அழுத்திப் பிடிக்க வேண்டும். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

வேலூர் போய்வந்தவள்:

கொடுத்தவளின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், அண்ணா. அக்காவுக்கு இரத்தப் புற்றுநோய். இரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை வேறொருவரிடமிருந்து எடுத்து ஏற்ற வேண்டும் என்றார்கள். உடன்பிறந்தவரின் திசு வகை முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு. எனக்குப் பொருந்தியது. அந்தச் செல்கள் இரத்தத்துக்கு வருவதற்காக எனக்கு ஐந்து நாள் ஊசி. இடுப்பெலும்பு உள்ளிருந்து இடிப்பதுபோல வலிக்கும். பிறகு ஒரு கையில் இரத்தத்தை எடுத்து, ஸ்டெம் செல்லைப் பிரித்துக்கொண்டு, மறு கையில் திருப்பி ஏற்றுவார்கள். பை நிறையத் தக்காளி ரசம்போல ஏதோ இருந்தது. இதற்குத்தானா இத்தனை அமர்க்களம் என்று தோன்றியது. அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தரும் லாட்ஜில் தங்கிச் சமைத்தோம். வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு நிறையப் பேர் வருவதால் தெருவெல்லாம் வங்காளப் பெயர்ப் பலகைகள். பக்கத்து அறைப் பெண்மணியுடன் சைகையிலேயே பேசி, அவர் கடுகெண்ணெயும் நான் நல்லெண்ணெயும் மாற்றிக்கொண்டோம்.

இரண்டு மாதம் கழித்து அக்காவின் தோல் சிவந்து உரிய ஆரம்பித்தது. கொடுத்தவரின் செல்கள், பெற்றவரின் உடம்பை அந்நியம் என்று நினைத்துத் தாக்குமாம். அடங்க மருந்து இருக்கிறது, அடங்கியும்விட்டது. ஆனால் அந்த வாரங்களில் அவள் அறைக்குள் நுழையவே எனக்குப் பயம். என்னுடையதுதானே அவளைக் கடிக்கிறது! சிறு வயதில் ஜடையைப் பிடித்து இழுத்துக்கொண்ட சண்டையெல்லாம் நினைவுக்கு வந்தது. "உன் புத்தி உன் இரத்தத்துக்கும் இருக்கிறது" என்று அக்காவே சிரித்தாள். பி பாசிட்டிவாக இருந்தவள் இப்போது என்னைப்போல ஓ பாசிட்டிவ்.

பெற்றுக்கொண்டவன், ஈரோடு:

எனக்கு மனைவி கொடுத்தாள். தம்பிகள் இருவரும் சோதனைக்கே வரவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருவன் இரண்டு வருடம் ஒரு டயாலிசிஸ் விடாமல் பைக்கில் அழைத்துப் போனான். மற்றவன் போன் எண்ணையே மாற்றிக்கொண்டான். இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும் சொந்தக்காரர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

நடுப்பிள்ளைக்கு ஒரு கேள்வி. அந்த நிம்மதியைத் தங்கையிடம் சொன்னீர்களா? அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். படுத்துக் கிடப்பவனுக்கு முகம் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

நடுப்பிள்ளை, மன்னார்குடி:

சொன்னேன். நான்காம் நாள், அவளுக்கு இட்லி பிட்டுக் கொடுக்கும்போது சொன்னேன். "அன்றைக்கே பார்த்தேன்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சட்னியில் காரம் அதிகம் என்று தட்டை நகர்த்தினாள்.

அந்த வருடப் பொங்கல் சீரை அண்ணன் தானே கொண்டுபோவேன் என்று அடம்பிடித்தார். கனம் தூக்கக் கூடாது, கூட்டத்துக்கும் போகக் கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு காரில் முன்னால் உட்கார்ந்தார். கரும்புக் கட்டு, வெண்கலப் பானை, மஞ்சள் கொத்து எல்லாம் என் தலையில். வாசலில் மாமியார் நின்றிருந்தார். சீரை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத் தங்கை கேட்டது என்னிடம்தான்: "பிரஷர் மாத்திரை போட்டாயா?"

போடாமல் வந்திருந்தேன். அவள் மாமியாருடைய மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். அது வேறு மாத்திரை.