குட்டிக் குப்பியில் வரும் நல்ல பாக்டீரியா குடலில் உண்மையிலேயே ஒட்டுமா?

கயல்:
என் மகனுக்கு மூன்று வயது. காதில் சீழ் வந்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம், நாலாம் நாளே வயிற்றுப்போக்கு. டாக்டர் புரோபயாடிக் எழுதிக் கொடுத்தார். 5 மில்லி பிளாஸ்டிக் குப்பி, தலையைத் திருகினால் லேசாகக் கலங்கிய தண்ணீர், வாசனை கூட இல்லை. 200 கோடி பாக்டீரியா இருக்கிறதாம். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போகிற பிள்ளையின் குடலில் இது எங்கே தங்கும்? எதைப் பிடித்துக்கொண்டு ஒட்டும்? தயிர்சாதம் போதாதா?

நுண்ணோக்கி:
கயல், குடல் சுவரின் மேல் வழவழவென்று ஒரு சளிப் படலம் இருக்கிறது, தண்ணீரை விட்டால் பெரும்பாலும் மியூசின் என்ற புரதம், அதில் கொத்துக் கொத்தாகச் சர்க்கரைச் சங்கிலிகள். பாக்டீரியா முதலில் பிடிப்பது இந்தச் சளியைத்தான். புரோபயாடிக் பாக்டீரியாக்களில் நன்றாக ஆராயப்பட்டது லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி, இதைப் பிரித்தெடுத்த கோர்பாக், கோல்டின் இருவரின் முதலெழுத்துதான் அந்த ஜிஜி. இதன் உடம்பில் ரோமம் போல மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருப்பதை 2009-ல் பின்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள், அந்த இழையில் இருக்கும் ஸ்பாசி என்ற புரதம்தான் சளியைப் பற்றுகிறது. இழை இல்லாத அதன் நெருங்கிய உறவு ரகம் எல்சி705 அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒரே இனம், ஆனால் பிடி வேறு, அதனால்தான் ரகத்தின் பெயரைக் கேளுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஒட்டிய பிறகு கிருமிக்கு இடம் குறைகிறது. லாக்டிக் அமிலம் சுரந்து சுற்றுப்புறத்தையே புளிக்க வைக்கிறது. ஜிஜி வெளிவிடும் பி40 என்ற புரதம், குடல் செல்களுக்கு இடையே உள்ள இணைப்பு தளராமல் காக்கிறது. 1917-ல் ஜெர்மனியின் மருத்துவர் நிஸ்லே, சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் சீதபேதி வந்தும் தனக்கு வராத ஒரு போர்வீரரின் குடலிலிருந்து எடுத்த ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் தீங்கற்ற ரகம், வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமிக்குத் தேவையான இரும்பைத் தானே இழுத்துக்கொள்கிறது.

உங்கள் குப்பியில் பேசிலஸ் கிளாசியை என்று இருக்கிறதா பாருங்கள். அது ஸ்போராக உறங்கும் நிலையில் வருகிறது, வயிற்று அமிலத்தையும் பல ஆன்டிபயாட்டிக்குகளையும் தாங்கும், ஆனால் நிரந்தரமாகக் குடியிருக்காது. நிறுத்தினால் கொஞ்ச நாளில் போய்விடும்.

வார்டு_அக்கா:
குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன் கயல். முதலில் ஓ.ஆர்.எஸ்., ஒவ்வொரு தடவை போன பிறகும் கொடுங்கள். சாதாரண வயிற்றுப்போக்குக்கு ஜிஜி கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் 971 குழந்தைகள், பலன் எதுவும் தெரியவில்லை, 2018-ல் வந்தது. ஆன்டிபயாட்டிக்கால் வரும் போக்கைத் தடுப்பதில் சில ரகங்களுக்கு ஆதாரம் மேல். ஆனால் ஒடிசாவில் 4,556 பச்சிளங்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், பாதிப் பேருக்கு லாக்டோபேசிலஸ் பிளாண்டாரம் ரகம் ஒன்றை, அதற்கு உணவாகும் சர்க்கரையோடு, ஏழு நாள் கொடுத்தார்கள். இரத்தத் தொற்று அல்லது மரணம் 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. அதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. குடலில் இன்னும் யாரும் இடம் பிடிக்காத வயது அது.

குறைமாதக் குழந்தைக்கும் நரம்பில் குழாய் போட்டிருக்கும் நோயாளிக்கும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது, இரத்தத்தில் கலந்துவிடும் ஆபத்து உண்டு.

செல்வி:
தயிர் தாராளமாகக் கொடுங்கள், பிள்ளைக்கு ஆகாரம். வீட்டு உறையில் என்ன ரகம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, குப்பிக்குப் பதிலாக நினைக்காதீர்கள். அப்புறம், மருந்தைச் சூடான பாலில் கலக்காதீர்கள்.

கயல்:
குப்பியைப் பார்த்தேன், பேசிலஸ் கிளாசியைதான். இன்று இரண்டே தடவைதான் போனான், ஓ.ஆர்.எஸ். அரை டம்ளர் உள்ளே போயிருக்கிறது. நன்றி அக்கா, நன்றி எல்லாருக்கும்.