மேனுவல் கியர் குறைந்துகொண்டே போவது ஏன்? மைலேஜ், பராமரிப்பு வாதங்கள் இன்னும் செல்லுமா?

நாலாம்கியர்:

வணக்கம் நண்பர்களே. கார் மாற்றும் யோசனை. எடுக்க நினைக்கும் மாடலில் இதற்கு முந்தைய பதிப்பு வரை எல்லா எஞ்சினுக்கும் மேனுவல் கிடைத்தது. இப்போது அடிமட்ட எஞ்சினுக்கு மட்டும்தான் 6 கியர் மேனுவல். டர்போ வேண்டுமென்றால் ஆட்டோமேட்டிக்கைத் தவிர வழியில்லை. அதிலும் ஒரு எஞ்சினுக்கு டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் வகை), இன்னொன்றுக்கு ட்ரை கிளட்ச் டிசிடி (எண்ணெயில் நனையாத இரட்டைக் கிளட்ச் பெட்டி). பாதி ஓட்டம் நெரிசலில், பாதி நெடுஞ்சாலையில்.

மேனுவல் மைலேஜ் தரும், செலவு வைக்காது, எவரும் பழுது பார்ப்பார்கள் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். அது உண்மையென்றால் கம்பெனிகள் ஏன் அதைக் கைவிடுகின்றன? ஓட்டுகிறவர்களின் சோம்பல் மட்டும்தான் காரணமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்சக்கரம்:

சோம்பல் புதிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் 1939-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் உலகின் பெரும்பகுதி மேனுவலைத்தான் ஓட்டியது. மாறியது ஆட்டோமேட்டிக்கின் உள்ளமைப்பு.

மைலேஜ் வாதம் 4 கியர் ஆட்டோமேட்டிக் காலத்துக்குப் பொருந்தும். அந்தப் பெட்டிகளில் எஞ்சின் சுழற்சி பெரும்பாலான நேரம் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெய் வழியாகத்தான் கியருக்குப் போகும். ஒரு பக்கம் 2,000 ஆர்பிஎம் என்றால் மறுபக்கம் 1,800 போய்ச் சேரும்; மிச்சம் எண்ணெயைச் சூடாக்குவதில் கரையும். கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் இருந்தாலும், மேல் கியரில் ஓரளவு வேகம் பிடித்த பிறகுதான் பூட்டு விழும். இன்றைய 8 கியர் பெட்டியில் வண்டி நகர்ந்து சற்று நேரத்திலேயே பூட்டிக்கொள்கிறது.

உதாரணத்துக்கு, 2009-ல் வந்த, ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் 8எச்பி என்ற 8 கியர் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பிளானெட்டரி கியர் தொகுதிகள் (நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் சுழலும் அமைப்பு), கிளட்ச்சும் பிரேக்குமாக ஐந்து பிடிப்புகள். எந்த கியரில் இருந்தாலும் மூன்று பிடித்திருக்கும், இரண்டு மட்டுமே திறந்திருக்கும். திறந்திருக்கும் கிளட்ச்தான் எண்ணெயில் உரசி வீணடிக்கும் என்பதால் அது குறையக் குறைய இழப்பும் குறையும். முதல் கியர் விகிதம் 4.7, எட்டாவது 0.67, இரண்டுக்கும் ஏழு மடங்கு இடைவெளி. சாதாரண 5 கியர் மேனுவலில் அது ஐந்து மடங்கைத் தொட்டாலே பெரிது. அதனால் அதே நெடுஞ்சாலை வேகத்தில் ஆட்டோமேட்டிக்கின் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். எண்ணெய் பம்ப்பைச் சுற்றும் சுமை இன்னும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மொத்தக் கணக்கில் மேனுவலின் முன்னிலை போய்விட்டது.

டர்போவோடு மேனுவல் வராததற்கு இன்னொரு காரணம் உண்டு. சிறிய டர்போ எஞ்சினில் 1,200 ஆர்பிஎம்மில், மேல் கியரில், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் என்ன ஆகும்? ஸ்பார்க் வருமுன் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஒரு மோசமான வெடிப்பே பிஸ்டனில் ரிங் உட்காரும் மேட்டை உடைத்துவிடப் போதும். ஆட்டோமேட்டிக்கில் கம்ப்யூட்டர் உடனே இரண்டு கியர் இறக்கிவிடும். மேனுவலில் அந்த முடிவு ஓட்டுநர் கையில். எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு சுமை சுமக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே முடிவுசெய்தால்தான் புகை விதிகளுக்குள் நிற்க முடியும் என்ற நிலை வந்த பிறகு, நடுவில் ஒரு மனிதக் கை இருப்பதே தொல்லை. போதாததற்கு ஒவ்வொரு எஞ்சின்-கியர்பெட்டி ஜோடியையும் தனியாகச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். குறைவாக விற்கும் ஜோடியைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

ஹாஃப்கிளட்ச்:

பல்சக்கரம் அண்ணா சொன்னது டார்க் கன்வெர்ட்டருக்கு அப்படியே பொருந்தும். ஆனால் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு வேறு இயந்திரங்களை விற்கிறார்கள். கேள்வி கேட்டவர் முன்னால் இருப்பதில் ஒன்று ட்ரை டிசிடி. பாதி ஓட்டம் நெரிசல் என்றால் அதைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

டிசிடி என்பது இரண்டு கிளட்ச் வைத்த மேனுவல் பெட்டி. ஒற்றைப்படை கியர்கள் ஒரு ஷாஃப்ட்டில், இரட்டைப்படை இன்னொன்றில். அடுத்த கியர் முன்கூட்டியே விழுந்து காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடும்போதே மற்றது பிடிக்கும். ஓடும் சாலையில் இதற்கு இணையில்லை. நெரிசலில்தான் சிக்கல். டார்க் கன்வெர்ட்டர் ஊர்ந்து போகும்போது எண்ணெய் சூடாகும், அந்தச் சூட்டை கூலர் கொண்டுபோய்விடும். ட்ரை டிசிடியில் உரசுவது கிளட்ச் பிளேட். சூட்டை இறக்கச் சுற்றியிருக்கும் காற்றை விட்டால் வேறொன்றுமில்லை. வெப்பம் ஏறினால் முதலில் நடுக்கம், பிறகு டேஷ்போர்டில் எச்சரிக்கை, அதற்கும் பிறகு பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளக் கிளட்ச்சைத் திறந்துவிடும். வண்டி அங்கேயே நிற்கும். வெட் கிளட்ச் டிசிடி என்றால் பிளேட்கள் எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கும், இவ்வளவு பயமில்லை. ஆனால் ஏறத்தாழ 60,000 கி.மீ.க்கு ஒருமுறை அந்த எண்ணெயை ஃபில்ட்டரோடு மாற்றியே ஆக வேண்டும்.

ஏஎம்டி என்பது அதே மேனுவல் பெட்டி, அதே ஒற்றைக் கிளட்ச். மிதிக்கவும் கியர் தள்ளவும் மோட்டார் அல்லது ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர். கியர் மாறும்போது தலை முன்னால் சாய்வது அதன் பிறவிக் குணம். கிளட்ச் தேய்வதும் மேனுவல் போலத்தான். பிளேட் மாற்றிய பிறகு ஸ்கேனர் வைத்துப் பிடிக்கும் புள்ளியை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும்; அதைச் செய்யாமல் அனுப்பினால் புதுக் கிளட்ச்சும் உதறும்.

சிவிடி, அதாவது படிகளாக கியர் இல்லாமல் புல்லியும் பெல்ட்டும் கொண்டு விகிதத்தை மாற்றும் பெட்டி, நெரிசலுக்கு இதமானது. எஃகு பெல்ட் நழுவாமல் இருப்பது புல்லியின் அழுத்தத்தையும் அதற்கே உரிய எண்ணெயையும் பொறுத்தது. சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் பெட்டி எண்ணெய்) ஊற்றினால் பெல்ட் நழுவி புல்லி முகத்தில் கோடு விழும். விழுந்தால் சரிசெய்ய வழியில்லை.

ஆக, செலவு வைக்காது என்ற வாதத்தில் மேனுவல் இன்னும் தோற்கவில்லை. மேனுவலில் கெடுவது பெரும்பாலும் கிளட்ச் செட். ஆட்டோமேட்டிக்கில் கெட்டால் வால்வ் பாடி (எண்ணெய் அழுத்தத்தைப் பங்கிடும் தொகுதி) அல்லது மெக்கட்ரானிக்ஸ் (அதோடு கம்ப்யூட்டரும் சேர்ந்த தொகுதி); பல இடங்களில் அதைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை, முழுதாக மாற்றத்தான் சொல்வார்கள்.

நாலாம்கியர்:

தெளிவாகச் சொன்னீர்கள், நன்றி. ட்ரை டிசிடியையே எடுத்தால் நெரிசலில் எப்படி ஓட்டினால் தாங்கும்? புதியதில் மேனுவல் இல்லையென்றால் பழைய மேனுவல் வண்டியும் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதில் கியர்பெட்டியை எப்படிச் சோதிப்பது?

ஹாஃப்கிளட்ச்:

முன்னால் போகும் வண்டியின் பின்னாலேயே அங்குலம் அங்குலமாக ஊராதீர்கள். ஒன்றிரண்டு வண்டி நீளம் இடைவெளி விழட்டும், பிறகு ஒரே மூச்சில் நகர்ந்து கிளட்ச் முழுக்கப் பிடிக்கும் வேகத்துக்குப் போங்கள். நிற்கும்போது பிரேக்கை நன்றாக மிதியுங்கள். அப்போதுதான் கிளட்ச் முழுசாகத் திறக்கும். லேசாக மிதித்தால் பாதி பிடித்தபடி தேய்ந்துகொண்டே இருக்கும். மேட்டில் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதுதான் கொலைக்குற்றம். பிரேக், ஹில் ஹோல்ட், ஹேண்ட் பிரேக் எதுவானாலும் சரி, அதை மட்டும் செய்யாதீர்கள்.

எண்ணெய்க்கை:

பழைய மேனுவலைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சூடேறிய பெட்டி பாதிக் குறையை மறைத்துவிடும்.

ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் விட்டு, பெடலைத் தொடாமல் கேளுங்கள். பிறகு பெடலை முழுக்க மிதித்துக் கேளுங்கள். மிதித்தால் மட்டும் கீச்சென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங் (மிதிக்கும்போது கிளட்ச்சைத் தள்ளும் பேரிங்). மிதிக்காதபோது வரும் உறுமல் மிதித்ததும் அடங்கினால் பெட்டிக்குள் இன்புட் ஷாஃப்ட் பேரிங்; இது பெட்டியைப் பிரிக்கும் வேலை. ஐடிலில் சங்கிலி போட்டுக் குலுக்குவது போன்ற கடகடப்பு, எஞ்சினை அணைக்கும் நொடியில் ஒரு தட்டு, இவை இருந்தால் டூயல் மாஸ் ஃப்ளைவீலின் (அதிர்வை உறிஞ்ச நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டைச் சக்கரம்) ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். டீசல் வண்டியில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். கிளட்ச் செட்டை விட அந்த ஃப்ளைவீல்தான் பணத்தை விழுங்கும்.

அடுத்து, பெடலை மிதித்து மூன்று நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். பல பெட்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழுமுன் இரு பக்க வேகத்தையும் சமமாக்கும் வளையம்) கிடையாது. அத்தனை நேரம் காத்தும் கரகரவென்று உரசினால் கிளட்ச் முழுசாக விடவில்லை: கிளட்ச் சிலிண்டர் கசிவு, கிளட்ச் எண்ணெயில் காற்று, அல்லது பிளேட் வளைவு.

ஓட்டத்தில் பார்க்க வேண்டியது மூன்று. ஐந்தாவது கியரில் 50-60 கி.மீ. வேகத்தில், சாலை காலியாக இருக்கும்போது, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் எகிறி, வண்டி அதற்கேற்ப இழுக்கவில்லையென்றால் கிளட்ச் நழுவுகிறது. கிளட்ச் மேலே பிடித்தால் தேய்ந்துவிட்டது என்பார்கள். கேபிள் கிளட்ச்சுக்குத்தான் அது சரி. ஹைட்ராலிக்கில் தேய்மானத்தை சிலிண்டர் தானே ஈடுகட்டிவிடும், பிடிக்கும் இடம் பெரிதாக மாறாது. அங்கே பெடல் கனமாவதுதான் அறிகுறி. இரண்டாவது: பெட்டி குளிர்ந்திருக்கும்போதே 35 கி.மீ. அளவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குங்கள். நறுக்கென்று கடித்தால் இரண்டாவது கியர் சிங்க்ரோ போய்விட்டது. முதலில் தேய்வதே அதுதான். மூன்றாவது: ஒவ்வொரு கியரிலும் நன்றாக மிதித்து, சட்டென்று காலை எடுங்கள். கியர் தானே நழுவி நியூட்ரலுக்கு வந்தால் பேசாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கிளட்ச் மாற்ற வேண்டிவந்தால் பிளேட் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெட்டியை இறக்கும் கூலிதான் பெரிது. இறக்கியபின் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், உள்ளே இருக்கும் வகை என்றால் ஸ்லேவ் சிலிண்டர் (எண்ணெய் அழுத்தத்தால் கிளட்ச்சைத் தள்ளுவது), நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே கசிந்தால் புது பிளேட்டில் எண்ணெய் பட்டு மறுபடி நழுவும்.

சாலைமேடு:

மைலேஜ், பராமரிப்பு என்று பேசும்போது ஒன்று விட்டுப்போகிறது: எலக்ட்ரானிக்ஸ். முன்னால் வண்டி நின்றால் தானே நின்று, அது கிளம்பினால் தானே கிளம்பும் க்ரூஸ் கண்ட்ரோலை மேனுவலில் கொடுக்க முடியாது. கிளட்ச்சை யார் மிதிப்பது? தானாகப் பிரேக் போடும் வசதி மேனுவலிலும் உண்டு, ஆனால் வண்டி நிற்கும்போது எஞ்சினும் அணைந்துவிடும்.

ஹைப்ரிட் வந்தால் கதை முடிந்தது. ஹோண்டா முதல் இன்சைட்டில் 5 கியர் மேனுவலும் சிஆர்-இசட்டில் 6 கியர் மேனுவலும் கொடுத்துப் பார்த்தது. அந்த வழியில் பிறகு யாரும் பெரிதாகப் போகவில்லை. டொயோட்டாவின் முறையில் கிளட்ச்சும் இல்லை, டார்க் கன்வெர்ட்டரும் இல்லை, ஒரு பிளானெட்டரி தொகுதியும் இரண்டு மோட்டார்களும்தான். மின்கார் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசை தரும், 15,000 ஆர்பிஎம் தாண்டியும் சுற்றும். ஏறத்தாழ 9:1 என்று ஒரே குறைப்பு போதும். அங்கே மாற்றுவதற்கு கியரே இல்லை.

கற்றுக்கொள்கிறவர்களும் குறைகிறார்கள். ஐரோப்பிய உரிமங்களில் ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுத்தவருக்கு 78 என்ற குறியீடு விழும், மேனுவல் ஓட்ட முடியாது. ஜெர்மனி 2021 ஏப்ரலில் அதைத் தளர்த்தியது: மேனுவலில் குறைந்தது 10 பாடம் எடுத்து, பயிற்சிப் பள்ளியின் சோதனையில் தேறினால், தேர்வை ஆட்டோமேட்டிக்கில் கொடுத்தாலும் இரண்டையும் ஓட்டலாம்.

விளையாட்டுக் கார்களில் மட்டும் காற்று கொஞ்சம் திரும்பியது. போர்ஷே 911 ஜிடி3 2013-ல் பிடிகே (போர்ஷேயின் டிசிடி) மட்டும் என்று வந்து, 2017-ல் மேனுவலைத் திரும்பக் கொடுத்தது. வேகத்துக்காக அல்ல, கேட்டு வாங்க ஆள் இருந்ததால். நாலாம்கியர் பார்க்கும் ரகத்தில் அது நடக்காது.

பல்சக்கரம்:

டார்க் கன்வெர்ட்டர் பக்கம் சாய்ந்தால் ஒன்று. 'வாழ்நாள் எண்ணெய், மாற்றவே வேண்டாம்' என்று கையேட்டில் இருந்தாலும் 60,000-80,000 கி.மீ.க்குள் ஏடிஎஃப் மாற்றிவிடுங்கள். கீழே திறந்துவிட்டால் பாதிகூட வராது, மிச்சம் கன்வெர்ட்டருக்குள் நிற்கும். அளவு பார்ப்பது எஞ்சின் ஓடும்போது, குறிப்பிட்ட எண்ணெய் வெப்பநிலையில். 8எச்பி-க்கு 30-லிருந்து 50 டிகிரிக்குள். 60 கி.மீ. வேகத்தில் லேசாக மிதிக்கும்போது வரிமேட்டில் ஓடுவது போல அதிர்ந்தால், பெட்டி போய்விட்டது என்று பயப்படுவதற்கு முன் எண்ணெயை மாற்றிப் பாருங்கள். லாக்-அப் நடுக்கம் பல சமயம் அதிலேயே தீர்ந்துவிடும்.

வண்டி வழியில் நின்றால் ஓட்டும் சக்கரம் தரையில் உருள இழுக்க விடாதீர்கள். எஞ்சின் ஓடாவிட்டால் பம்ப் ஓடாது, பெட்டிக்குள் எண்ணெய் போகாது.

நாலாம்கியர்:

நெரிசலைக் கணக்கில் வைத்தால் ட்ரை டிசிடியை ஒதுக்கிவிடுகிறேன். டார்க் கன்வெர்ட்டர் அல்லது பழைய மேனுவல். மேனுவல் என்றால் வாங்கியதும் கியர் ஆயிலை நானே மாற்றலாமா?

எண்ணெய்க்கை:

தாராளமாக. பெரும்பாலான பெட்டிக்கு 2 லிட்டர் சுற்றித்தான் பிடிக்கும். கையேட்டில் எண்ணெய்த் தரம் ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-5 உயர்ந்தது என்று நினைத்து ஊற்றாதீர்கள். சிங்க்ரோ வளையம் உரசிப் பிடித்தால்தான் கியர் விழும், ஜிஎல்-5-ல் அது வழுக்கும், வளையத்தின் பித்தளையையும் அரிக்கலாம். வண்டி சமதளத்தில் நிற்கட்டும். முதலில் ஊற்றும் போல்ட்டைத் திறக்க வருகிறதா என்று பாருங்கள், அதன் பிறகே கீழே உள்ளதைத் தொடுங்கள். மேலே உள்ளது துருப்பிடித்துத் திறக்காமல் போனால் எண்ணெய் இல்லாத பெட்டியோடு நிற்க வேண்டிவரும். துளையின் கீழ் விளிம்பில் வழியும்வரை ஊற்றினால் அளவு சரி. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பு. விரல் நகம் அளவுக்குச் செதில் வந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள்.