பதில்: மூன்றாந்தரப்புக் கூறா, அயற்கூறா?

அன்பின் தம்பிக்கும் ஏனைய அன்பர்களுக்கும் வணக்கம்.

வலைச் செயலி எழுதுவோர், தாம் எழுதாமல் வெளியே ஒரு நிறுவனத்திடம் விலைக்கு வாங்கியோ திறந்த மூலமாக (நிரலை எவரும் பார்த்துப் பயன்படுத்தலாம் என்ற முறையில்) பெற்றோ தம் பக்கங்களிற் பொருத்திக்கொள்ளும் தரவுக் கட்டம் (தரவை அட்டவணையாகக் காட்டுவது), நாட்காட்டி, வரைபு, அறிக்கை வடிவமைப்பி முதலியவற்றைப் பொதுவாகச் சுட்டுவதற்கு ‘மூன்றாந்தரப்புக் கூறு’ என்று கையேட்டில் எழுதலாமா என்று கல்முனையிலிருந்து கேட்டிருந்தீர்கள். எழுதலாம்; அதில் மொழிப்பிழை எதுவும் இல்லை. ஆயினும் ‘அயற்கூறு’ என்ற சொல்லையே நான் முன்மொழிகிறேன். அதற்கான காரணத்தை எனக்கு நேர்ந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

அம்பாறை மாவட்டத்தில் நெல் கொள்வனவு செய்யும் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கணக்குச் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்தோம். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. ஆனால் விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய பற்றுச்சீட்டைப் பீடிஎஃப் கோப்பாக மாற்றியதும் ‘கொடுப்பனவு’, ‘மொத்தம்’ என்ற இரு சொற்களும் சிதைந்து வந்தன. சீட்டில் முதன்மையான சொற்கள் அவைதாம். ஒகர உயிர்மெய்யில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான ஒருங்குறியிலோ அவ்விரண்டும் சேர்ந்த உயிர்க்குறி மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. அதைப் பிரித்து இருபுறமும் வைப்பது எழுத்துருவைக் கையாளும் நிரலின் வேலை. உலாவி அந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது. நாங்கள் வாங்கிப் பொருத்தியிருந்த அறிக்கைக் கூறு அதைச் செய்யாமல், சேமிப்பில் இருந்த வரிசையிலேயே எழுத்துகளைக் கோப்பில் இறக்கிவிட்டது.

திருத்தம் எங்கள் கையில் இல்லை, அந்த அறிக்கைக் கூறின் மூலநிரல் அதை ஆக்கியவரிடமே இருக்கிறது என்று வாடிக்கையாளருக்கு விளக்குகையில், ‘இது மூன்றாந்தரப்பு’ என்றேன். அவர் உடனே வாகனக் காப்புறுதியை நினைத்தார். அவரில் தவறில்லை. நம் ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்தச் சொல் காப்புறுதிப் பத்திரத்தின் வழியாகத்தான் அறிமுகம், அங்கே மூன்றாந்தரப்பு என்பவர் நம் வாகனத்தால் இழப்புக்கு உள்ளானவர். மென்பொருளிலோ மூன்றாந்தரப்பு என்பவர் பொருளை ஆக்கித் தந்தவர். ஒரு சொல் பாதிக்கப்பட்டவரையும் பொறுப்பாளரையும் ஒருங்கே சுட்டுமானால், பிழை நேர்ந்த வேளையில் அது விளக்குவதைவிடக் குழப்புவதே அதிகம்.

எண்ணிக்கையைப் பார்த்தாலும் இடர் உண்டு. தளத்தை, அதாவது செயலிகள் எழுதப்படும் அடித்தள மென்பொருளை, ஆக்கியவர் முதலாமவர், அதில் செயலி எழுதுபவர் இரண்டாமவர், இருவருமல்லாதவர் மூன்றாமவர் என்பதே மூலக் கருத்து. 1991இல் மைக்ரோசொஃப்ட்டின் நிரலாக்கக் கருவியான விசுவல் பேசிக் வந்து, மைக்ரோசொஃப்ட் அல்லாத பிறரும் அதற்குக் கூறுகளை ஆக்கி விற்கத் தொடங்கிய காலத்தில் இந்தக் கணக்குத் தெளிவாக இருந்தது. இன்று பல இடங்களில் தளமே திறந்த மூலம். ஜாஸ்பர்ரிப்போர்ட்ஸ் போன்ற அறிக்கைக் கூறும் திறந்த மூலம். அதனுள்ளே வேறு பலர் எழுதிய நிரல்கள். யார் மூன்றாமவர், யார் ஐந்தாமவர் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நான் எழுதியதா, பிறர் எழுதியதா என்பதே வேலை செய்பவர் அறிய வேண்டியது.

‘அயல்’ அதை நேரே சொல்கிறது. உயிரியற் பாடத்தில் தன்மகரந்தச் சேர்க்கை, அயன்மகரந்தச் சேர்க்கை என்று தமிழில் படித்த பிள்ளைக்குத் தன், அயல் என்ற இணை ஏற்கெனவே பழகியது. அதே இணையில் நாமே எழுதியதைத் ‘தற்கூறு’ என்றும் பிறரிடம் பெற்றதை ‘அயற்கூறு’ என்றும் வைத்தால் விளக்கக் குறிப்பே தேவைப்படாது. அயலவர் என்பது நம் வழக்கில் பகைவரைக் குறிப்பதில்லை, பக்கத்து வளவுக்காரரையே குறிக்கிறது. அவருடைய பொருளை வாங்கிப் பயன்படுத்தலாம், ஆனால் அது அவருடையதுதான். உரிமம் புதுப்பித்தல், பதிப்பு மாற்றம், பிழை அறிவித்தல் ஆகிய மூன்றிலும் மனத்தில் நிற்க வேண்டியது இந்த உறவுதான்.

‘கூறு’ என்றால் சந்தையில் மீனைக் கூறு வைப்பது நினைவுக்கு வருகிறது என்று அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அது குறையென்று எனக்குத் தோன்றவில்லை. விசையைக் கூறுகளாகப் பிரிப்பது நம் கணிதப் பாடத்தில் நிலைத்த வழக்கு. மீன் கூறும் தனியே பிரித்து விலை வைக்கப்பட்ட பங்குதான். ‘உறுப்பு’ உடலைச் சார்ந்தது, உடலை விட்டுத் தனியே வாழாது. கூறு தனித்தும் நிற்கும், வேறோர் இடத்திலும் பொருந்தும். விசுவல் பேசிக் காலத்திலிருந்து ‘கொன்ட்ரோல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராகச் சிலர் எழுதிவரும் ‘கட்டுப்பாடு’ என்பதை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். ‘பக்கத்தில் ஐந்து கட்டுப்பாடுகள் உள்ளன’ என்று படிக்கும் மாணவி, தனக்கு ஐந்து தடைகள் விதிக்கப்பட்டிருப்பதாகவே கொள்வாள்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு: தளத்தோடு சேர்ந்தே வரும் கூறுகளும் நான் எழுதியவை அல்லவே, அவையும் அயல்தானா? இது நியாயமான கேள்வி. அவற்றைத் ‘தளக்கூறு’ என்று பிரித்துவிடலாம் என்பது என் கருத்து. டெவ்எக்ஸ்பிரஸ் போன்ற நிறுவனங்கள் விற்கும் தரவுக் கட்டம் அயற்கூறு. வலைச் செயலிகளுக்கான தளமாகிய ஏஎஸ்பி டொட் நெட்டுடன் மைக்ரோசொஃப்ட்டே தந்த தரவுக் கட்டம் தளக்கூறு.

வகைகளைச் சொல்லும்போது ‘அயல் இடைமுகக் கூறு’, ‘அயல் அறிக்கைக் கூறு’ என்று விரிக்கலாம். ‘அறிக்கையிடல் கூறு’ வேண்டாம்; அறிக்கையிடல் இங்கே ஊடகவியலாளர் செய்யும் வேலையாக ஊன்றிவிட்டது. அறிக்கையின் பக்கத்தலை, குழுத்தலை, விவரம், பக்கஅடி என்று கிடையாக அடுக்கப்படும் பகுதிகளைப் ‘பட்டை’ என்றே அழைக்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் விவரப்பட்டை ஒருமுறை அச்சாகிறது, குழு மாறும்போது குழுத்தலைப் பட்டை வருகிறது என்று சொன்னால், இயங்கும் விதமே சொல்லில் தெரியும்.

சட்ட ஆவணங்களில் ‘மூன்றாந்தரப்பு’ இருக்கட்டும். ஒப்பந்தத்தில் தரப்புகளை எண்ணித்தான் ஆக வேண்டும். கையேட்டிலும் பாடக்குறிப்பிலும் ‘அயற்கூறு’ என்று புணர்த்தியே எழுதுங்கள். தேடுவோர் ‘அயல் கூறு’ என்று பிரித்துத் தட்டச்சிடக்கூடும் என்பதால், சொல்லடைவில் மட்டும் அந்த வடிவத்தையும் தனிப் பதிவாகச் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து