மறு: பெனால்டி ஷூட் அவுட் – "தீர்வுதை" பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். கால்பந்தில் ஆட்டம் சமனாக முடிந்தால், இரு அணியும் மாறி மாறிக் கோலை நோக்கி உதைத்து வெற்றியை முடிவுசெய்வதுதான் பெனால்டி ஷூட் அவுட். அதற்குத் தமிழ்ச்சொல் எது என்று இங்கே நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். வரும் ஞாயிறு, 27 ஜூலை 2025 இரவு 9.30க்கு, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் யூரோ கோப்பை இறுதியாட்டம். இங்கிலாந்தும் ஸ்பெயினும் ஆடுகின்றன. திங்கள் காலை எங்கள் அணிப் பிள்ளைகளே ஆட்டச் செய்தியைப் பள்ளிப் பலகையில் எழுதப்போகிறார்கள். அதற்குள் இந்தச் சொல் முடிவானால் நன்றாயிருக்கும்.

போன வாரம் சூரிக்கில் இங்கிலாந்து ஸ்வீடனைப் பெனால்டியில் 3-2 என்று வென்றதே, அதைத் "தண்டனை உதை" என்று பலகையில் எழுதியது நான்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங் மிஸ், இதுல யாரும் தப்பே பண்ணலீங்களே, அப்புறம் எதுக்குங் தண்டனை?"

அந்தக் கேள்வியில் எல்லாமே இருக்கிறது. அரையிறுதியில் இத்தாலிக்கு எதிராக, கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் இங்கிலாந்துக்குக் கிடைத்ததுதான் உண்மையான தண்டனை உதை. தவறு நடந்தது, நடுவர் கொடுத்தார். இங்கிலாந்தின் கெல்லி அடித்ததை இத்தாலியின் கோல்காப்பாளர் ஜூலியானி தடுத்தார். திரும்பி வந்த பந்தைக் கெல்லியே வலைக்குள் தள்ளிவிட்டார், அது கோல். இதே ஷூட் அவுட்டாக இருந்தால், தடுத்ததோடு அந்த உதை முடிந்தது. திரும்பி வரும் பந்தை அடித்தால் செல்லாது. பந்தை வைக்கும் புள்ளி ஒன்றே, 11 மீட்டர் தூரமும் ஒன்றே. ஆனால் இரண்டும் வேறு வேறு. ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் பிள்ளைகளுக்கு விதியே குழம்புகிறது.

நண்பர் ஒருவர் சொன்ன "தண்ட உதை" எங்கள் பக்கம் எடுபடாது. "தண்டம்" என்றால் இங்கே வீண் என்றுதான் காதில் விழும். இங்கே வந்த இன்னொரு சொல்லான "சமன்நீக்கி மோதல்" பொருளில் சரி, ஆனால் பத்து வயதுப் பிள்ளை மைதானத்தில் கத்திச் சொல்லும் சொல்லாக இல்லை. "மோதல்" என்பதும் உறுத்துகிறது. ஒருத்தி உதைக்கிறாள், ஒருத்தி தடுக்கிறாள், மற்றவர்கள் நடுக்கோட்டில் தோளோடு தோள் கோத்து நிற்கிறார்கள். மோதல் எங்கே?

என் பரிந்துரை: தீர்வுதை. ஷூட் அவுட் வரை போன ஆட்டம் பதிவேட்டில் சமன் என்றே நிற்கும். யார் அடுத்த சுற்றுக்கு, யாருக்குக் கோப்பை என்பதை மட்டும் இந்த உதைகள் தீர்க்கின்றன. உணவு + அகம் உணவகம் ஆவது போலத்தான் தீர்வு + உதை. வரியைக் குறிக்கும் "தீர்வை" என்ற சொல்லோடு குழம்பாதா என்று இங்கே ஐயா ஒருவர் கேட்டிருந்தார். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "இங்கிலாந்து தீர்வுதையில் வென்றது", "இங்கிலாந்து கோல்காப்பாளர் ஹாம்ப்டன் இரண்டு தீர்வுதைகளைத் தடுத்தார்". எனக்குக் குழம்பவில்லை. தவறுக்குக் கொடுப்பதற்குத் "தண்டனை உதை" அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. ஐந்தைந்து உதைக்குப் பிறகும் சமம் என்றால், ஓர் அணி முந்தும்வரை அணிக்கு ஒவ்வோர் உதையாக வருவதைத் "திடீர் மரணம்" என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். ஸ்வீடன் ஆட்டம் அப்படித்தான் நீண்டது, மொத்தம் 14 உதை, அதில் கோலானது ஐந்தே ஐந்து. இதற்கு எங்கள் பிள்ளைகளிடமே சொல் இருக்கிறது. மாலையில் புத்தகப்பையைக் கோல் கம்பமாக வைத்து ஆடும்போது, பொழுது இறங்கியும் சமமாக இருந்தால், "சரி, இனி ஒத்தைக்கொத்தை!" என்பார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம். எழுத்தில் "ஒற்றைக்கொற்றை" என்று திருத்த வேண்டுமென்று யாரும் சொல்லிவிடாதீர்கள், அதன் உயிரே அந்தத் "த்த"வில்தான் இருக்கிறது.

2023இல் சிட்னியில் உலகக்கோப்பை இறுதியிலும் இதே இரண்டு அணிகள்தான். ஸ்பெயின் 1-0 என்று வென்றதால் இந்தச் சொல்லுக்கு வேலை வரவில்லை. இந்த முறை வரலாம். ஞாயிறு மாலைக்குள் உங்கள் கருத்தைச் சொன்னால் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
கோபியிலிருந்து