ஐந்து பேர் சேர்ந்து ஆட எந்தத் திகில் கேம்?

காரைக்குடியான்:
பொங்கலுக்குப் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளோடு ஐந்து பேர் காரைக்குடி வீட்டில் கூடுகிறோம். நம் முடிவுக்கேற்பக் கதை மாறும் திகில் கேம் ஒன்றை ராத்திரி வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) டிவி வைத்து ஆட ஆசை. இருப்பது பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கேம் கருவி, ஒரே கன்ட்ரோலர். 2015இல் வந்த 'அன்டில் டான்' சரிப்படுமா? ஒருவர் ஆட, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது வேண்டாம். ஆளுக்கொரு உயிராவது பொறுப்பில் இருக்கணும்.

ஆத்தங்குடி வாசி:
தம்பி, அப்படியென்றால் 'மேன் ஆஃப் மெடான்' (2019). அதிலுள்ள மூவி நைட் முறை இதற்கென்றே செய்தது. ஆளுக்கொரு பாத்திரம், முறை வந்ததும் கன்ட்ரோலர் கைமாறும். பாத்திரங்களும் ஐந்துதான். ஒரே ராத்திரியில் முடிந்துவிடும்.

தேவகோட்டை ராத்திரி:
எனக்கு 'அன்டில் டான்'தான் உயிர். அதில் நாம் ஆடும் பாத்திரங்கள் எட்டு. எட்டுப் பேரும் பிழைக்கலாம், எட்டுப் பேரும் சாகலாம். தானாகவே சேவ் ஆகிவிடும். இறந்தவரை மீட்கப் பின்னால் போக முடியாது. சில இடங்களில் எதையும் அழுத்தாமல் விடுவதும் ஒரு முடிவு. கன்ட்ரோலரை ஆடாமல் பிடிக்கச் சொல்லும் கட்டம் வரும்போது பக்கத்தில் யாரும் மூச்சுகூட விடக்கூடாது! பாத்திரங்களை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், வளவில் சத்தம் எதிரொலிக்கும், ஆச்சி தூங்கும் பக்கம் வேண்டாம்.

காரைக்குடியான்:
நன்றி அண்ணே. முதல் ராத்திரி மெடான், மறுநாள் டான். முடிவு எதையும் இங்கே சொல்லிவிடாதீர்கள்.