கடலடி ஸ்கூட்டரோடு ஸ்நார்க்லிங்: கப்பல் டூர்ல போய்வந்தவங்க அனுபவம் சொல்லுங்க

டாலஸ்வாசி:
போன டிசம்பரில் டெக்சஸ் துறைமுகமான கால்வெஸ்டனிலிருந்து கிளம்பும் மேற்குக் கரீபியன் கப்பலில் குடும்பத்தோடு போயிருந்தோம். மெக்சிகோவின் கொசுமெல் தீவில் கப்பல் நிற்கும் நாளுக்குக் கடலடி ஸ்கூட்டர் டூர் எடுத்தோம். ஸ்நார்க்லிங் என்றால் குழாயில் மூச்சுவிட்டபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்துவது; அப்படி நீந்தும்போது கையில் பிடித்தால் நம்மை இழுத்துக்கொண்டு போகும் மோட்டார்தான் இந்த ஸ்கூட்டர். "காசுக்குத் தகுமா?" என்று இங்கே அடிக்கடி கேள்வி வருவதால் எழுதுகிறேன்.

கருவி பெரிய விஷயமில்லை. கூண்டு போட்ட டேபிள் ஃபேன் இரண்டை ஒட்டவைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தது போல இருக்கும். இரண்டு கைப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால்தான் ஓடும், ஒன்றை விட்டாலும் நின்றுவிடும். கையை விட்டால் மூழ்காமல் இருக்க மேலே ஒரு மிதவை. வேகம் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர்தான், ஆனால் முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது அதுவே ஜிவ்வென்று இருக்கும். பையன் முதல் பத்து நிமிஷம் வட்டம் அடிப்பதிலேயே கழித்தான். மீன் ஒன்றுகூடப் பார்த்திருக்க மாட்டான்.

அருமை எங்கே தெரிந்தது என்றால், பாலன்கார் பவளப்பாறைப் பக்கம் போனபோது. கொசுமெல் மேற்குக் கரையில் நீரோட்டம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். சாதாரண ஸ்நார்க்லிங்கில் ஓட்டத்தோடு மிதந்து போவோம், படகு பின்னாலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். நல்லதாக ஒன்று கண்ணில் பட்டால் "அடடா" என்பதற்குள் அது பின்னால் போயிருக்கும், எதிர்நீச்சல் போட்டுத் திரும்பினால் மூச்சு வாங்கும். எங்களுக்குக் கீழே ஓர் அழுங்காமை கடற்பஞ்சைக் கடித்துப் பிய்த்துக்கொண்டிருந்தது. பிய்த்துச் சிதறுவதைத் தின்ன ஏஞ்சல் மீன்கள் இரண்டு அதன் வாயருகிலேயே சுற்றின. ஸ்கூட்டர் மூக்கை ஓட்டத்துக்கு எதிரே திருப்பி, குறைந்த வேகத்தில் வைத்தோம். நகராமல் ஒரே இடத்தில் நின்றபடி, அது தின்று முடித்து மூச்சுவிட மேலே வரும்வரை பார்த்தோம். கொடுத்த காசு அதற்கே சரியாகப் போயிற்று. கைடு மட்டும் கையை விரித்து "தள்ளி, தள்ளி" என்று காட்டிக்கொண்டே இருந்தார். ஆமையை நெருங்கி விரட்டக் கூடாது, அது தேசியப் பூங்கா எல்லை. சன்ஸ்க்ரீனும் பூசவிடமாட்டார்கள், முழுக்கைச் சட்டை கொண்டுபோங்கள்.

வேகமாக ஓட்டினால் எதுவும் கிடைக்காது, கிளிமீன் கூட்டம் சத்தம் கேட்டதும் விலகிப் போகிறது. போக வேண்டிய இடம்வரை ஓட்டுங்கள், போனதும் பொத்தானை விட்டுவிட்டுச் சும்மா மிதங்கள்.

இன்னொன்று நேரம். கொசுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015-லிருந்து வருஷம் முழுக்க ஒரே நேரம்தான், கடிகாரத்தை முன்பின் தள்ளுவதில்லை. குளிர்காலத்தில் டெக்சஸைவிட ஒரு மணி நேரம் முந்தி இருக்கும். கப்பல் டெக்சஸ் நேரத்தையே வைத்துக்கொண்டிருந்தால், படகுக்காரர் சொல்லும் 11 மணி கப்பலில் 10 மணி. கப்பல் வழியாக இல்லாமல் வெளியே டூர் புக் பண்ணுகிறவர்கள் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இரட்டைச்சடை:
நல்லா எழுதியிருக்கீங்க அண்ணா. பெண்களுக்கு நான் ரெண்டு விஷயம் சேர்க்கிறேன். சடையை அப்படியே விட்டா, தலையைக் குனியும்போது முன்னாடி விழுந்து நேரா ப்ரொப்பெல்லர் பக்கம் போகும். கூண்டு இருக்கு, ஆனா முடி அந்தச் சந்துல புகுந்துடும். கொண்டை போட்டு மேல ஒரு தொப்பி மாட்டிடுங்க. அடுத்தது தாலிச் செயின். எனக்கு நீச்சல் சட்டைக்குள்ளிருந்து வெளிய வந்து தொங்கிட்டே இருந்தது, கைடு அம்மாவே பார்த்துட்டு நிறுத்தி, உள்ளே விட்டு ஜிப்பைக் கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டாங்க. பளபளன்னு எதுவும் வெளியே தெரியாம இருக்கிறது நல்லதுன்னும் சொன்னாங்க. பாரகுடா மீன், நம்ம ஊர்ல சீலான்னு சொல்றது, மின்னுறதை இரைன்னு நினைச்சு வருமாம்.

வீட்டுக்காரருக்கு மீசைதான் பிரச்சனை. ஸ்கூட்டர் இழுக்கிற வேகத்துல பக்கவாட்டுல திரும்பினாலே மாஸ்க்குக்குள்ள தண்ணி ஏறிட்டே இருந்துச்சு. மூக்குக்குக் கீழே கொஞ்சம் ட்ரிம் பண்ணுங்கன்னு முந்தின நாளே சொன்னேன், கேக்கணுமே!

பேட்டரிப்பைத்தியம்:
நான் சொந்தமாகவே வாங்கிவிட்டேன். வாங்கப் போகிறவர்கள் முதலில் பேட்டரியில் அச்சடித்திருக்கும் வாட்-அவரை (Wh, பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற அளவு) பாருங்கள். 100-க்குள் இருந்தால் விமானத்தில் பொதுவாகச் சிக்கல் இல்லை. 100-லிருந்து 160 வரை ஏர்லைன் அனுமதி வேண்டும். 160-ஐத் தாண்டினால் பயணி கொண்டுபோகவே முடியாது. கழற்றிய பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. கடலடி ஸ்கூட்டர் பேட்டரிகள் பல 100-க்கு மேல்தான்.

விமானம் விட்டாலும் கப்பல் விடும் என்று நினைக்காதீர்கள். ஒரு கப்பலில் ஏறும்போதே என் ஸ்கூட்டரை வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் கொடுத்தார்கள். வாரம் முழுக்க ரசீதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் முன்கூட்டியே ஈமெயிலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக்கொண்டு போகிறேன்.

"அரை மணி நேரம் ஓடும்" என்பது மெதுவாக ஓட்டினால். பாதி சார்ஜ் தீர்வதற்கு முன்பே திரும்பிவிடுங்கள், மோட்டார் நின்றால் அந்தத் தூரத்தைக் காலால் அடித்துத்தான் கடக்க வேண்டும். உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுங்கள்.

காதைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. மூச்சடக்கிக் கீழே போகும்போது காலால் அடித்துப் போனால் மெதுவாக இறங்குவோம், மூக்கைப் பிடித்து ஊதி, தண்ணீர் அழுத்தத்தில் அடைக்கும் காதைச் சரிசெய்ய நேரம் இருக்கும். ஸ்கூட்டர் சில நொடிகளிலேயே மூன்று மீட்டர் நான்கு மீட்டர் இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது மூக்கை எதைக்கொண்டு பிடிப்பது? 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. வலி தொடங்கினால் அதற்கு மேல் இறங்காதீர்கள், மேலே வந்துவிடுங்கள்.

போர்ட்லூயிக்காரன்:
கடலடி ஸ்கூட்டர் என்ற பெயரில் குழம்பிவிட வேண்டாம். எங்கள் மொரீஷியஸில் கப்பல் நின்றால், ட்ரூ-ஓ-பிஷ் கடற்கரைப் பக்கம் இன்னொரு வகை உண்டு. ஸ்கூட்டி போல உட்கார்ந்து ஓட்டுவது, இருவர் போகலாம், தலைக்கு மேல் கண்ணாடிக் குமிழ், உள்ளே காற்று வந்துகொண்டே இருக்கும். தலைமுடிகூட நனையாது, கண்ணாடி போட்டவர்கள் கழற்ற வேண்டாம், பக்கத்திலேயே டைவர் வருவார். ஆனால் அழுத்தம் அதிலும் உண்டு, சளி பிடித்திருந்தால் தவிர்த்துவிடுங்கள். என் மனைவிக்கு அதுதான் பிடித்தது. எனக்குக் கையில் பிடித்து ஓட்டுவதுதான் பிடிக்கும், குமிழுக்குள் உட்கார்ந்தால் நினைத்த பக்கம் சட்டென்று திரும்ப முடிவதில்லை.

அட்லாண்டா அத்தை:
எங்க அம்மாவுக்கு அறுபத்தஞ்சு வயசு, பிபி மாத்திரை எடுத்துக்கிறாங்க, நீச்சல் தெரியாது. பேரன் போறான்னு அவங்களும் ஸ்கூட்டர் கேக்கிறாங்க. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டா போகலாமா?

டாலஸ்வாசி:
வேண்டாம் அக்கா. ஸ்கூட்டர் இழுக்கும், ஜாக்கெட் மேலே தூக்கும், முகம் தண்ணீரில் அடித்துக்கொண்டே இருக்கும். குழாயில் ஒரு வாய் உப்புத் தண்ணீர் ஏறினால் நீச்சல் தெரியாதவர்கள் பதறிவிடுவார்கள். டூர்காரர்களே உடல்நிலைப் படிவம் தருவார்கள், அதில் பிபி பற்றிக் கேட்டிருந்தால் உள்ளதை எழுதுங்கள். கொசுமெலில் கண்ணாடி அடித்தளம் வைத்த படகு இருக்கிறது, அதில் அம்மாவை ஏற்றிவிடுங்கள். காலை டூராக எடுத்தால் வெயிலும் குறைவு, மதியம் கப்பலில் சாப்பாட்டுக்கும் வந்துவிடலாம்.